அழும் குட்டியைக் கூண்டில் பூட்டாதீர்கள்: டர்பனில் மிளகுவோடு பட்டதும் கற்றதும்

நாய்க்குட்டியைக் கிரேட்டுக்குப் பழக்குவது பற்றி யாராவது தமிழில் விவரமாக எழுதி வைத்திருந்தால் எனக்குத் தென்னாப்பிரிக்க ரேண்டில் சில ஆயிரமாவது மிஞ்சியிருக்கும். பணம் கிடக்கட்டும், எங்கள் குட்டி மிளகு வந்த முதல் வாரத்தில் பட்ட பாட்டைப் பட்டிருக்க மாட்டான். கிரேட் என்பது நாய்க்கென்றே விற்கிற கம்பிக் கூண்டு அல்லது பிளாஸ்டிக் பெட்டி. இங்கே தென்னாப்பிரிக்காவில் குட்டி வாங்கினேன் என்று சொன்ன உடனே, கிரேட் வாங்கியாச்சா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எந்த அளவு, எங்கே வைப்பது, கதவை எப்போது சாத்துவது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. அதில் ஒரு பேச்சு குட்டியின் உடம்பில் ரத்தம் பார்க்கிற அளவுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் போனது.

நாங்கள் இருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு பெரிய வீட்டின் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில் வாடகைக்கு. கணவருக்கு ரிச்சர்ட்ஸ் பேயில் வேலை. திங்கள் விடியற்காலை கிளம்பினால் வெள்ளி ராத்திரிதான் வருவார். நான் மதியம் வரை ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தனியாக இருக்கிறேனே என்றுதான் குட்டி யோசனையே வந்தது. எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். அங்கே எங்கள் வீட்டு நாய்கள் திண்ணையில் படுத்து, தெருவைச் சுற்றி, சோற்று நேரத்துக்குச் சரியாக வந்து நின்றவை. கூண்டு என்ற பேச்சே கிடையாது. இங்கேயும் முற்றத்தில் விட்டு வளர்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்காரம்மாதான் தடுத்தார். நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். வீட்டில் ஆங்கிலம்தான், ஆனால் என்னிடம் தன் ஆயாவிடம் கேட்டுப் பழகிய தமிழில் பேசுவார். "வெளிய விடாத கண்ணு, டூ ஸ்டெப் போட்டுருவான்" என்றார். டூ ஸ்டெப் என்பது கறுப்பு மணி மணியாக இருக்கும் பூச்சிமருந்து, அல்டிகார்ப். திருட வருகிறவர்கள் கறித்துண்டில் அதைத் தடவி மதில் தாண்டி எறிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆன்ட்டியின் முந்தைய நாய் அப்படித்தான் போயிற்று. அது போதாதென்று இந்தப் பக்கமெல்லாம் மரமும் ஓடையுமாக இருப்பதால் பாம்பு சகஜம். கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்புகிற நாகமும் உண்டு, மாம்பாவும் உண்டு. மூக்கை எல்லாவற்றிலும் நுழைக்கிற குட்டியை ராத்திரி வெளியே விட முடியாது என்பது தெளிவாகிவிட்டது. வீட்டுக்குள் என்றால் ராத்திரி பாதுகாப்பாகப் படுக்க ஒரு இடம் வேண்டும். அதனால்தான் கிரேட்.

மிளகு டொங்காட் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து வீட்டிலிருந்து வந்தான். எட்டு வாரக் குட்டி, கறுகறுவென்று, மார்பில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. 2023 பிப்ரவரி, டர்பன் புழுக்கம் ஆளை வாட்டும் மாதம். கிரேட் வாங்கப் போன கடையில், "வளர்ந்த பிறகும் ஆகும்" என்று இருப்பதிலேயே பெரிய கம்பிக் கூண்டைக் கொடுத்தார்கள். ஆயிரத்து எழுநூறு ரேண்ட். முதல் சங்கடம் இங்கேயே ஆரம்பித்தது. நாய் தான் படுக்கிற இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாது. அந்தச் சுபாவத்தை நம்பித்தான் கிரேட் பழக்கமே நிற்கிறது. குட்டி எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் ஒன்றுக்குப் போய்விட்டு எதிர் மூலையில் படுத்துக்கொள்ளும். பெரிய கிரேட்தான் வாங்குகிறீர்கள் என்றால் உள்ளே நகர்த்தி நகர்த்தி மாட்டுகிற தடுப்புக் கம்பி கூடவே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எனக்குக் கொடுத்ததில் அது இல்லை, தனியாகவும் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு பயிற்சியாளர். கடையிலேயே ஒருவருடைய நம்பர் கொடுத்தார்கள். போனில் பேசி ஆலோசனை சொல்ல அறுநூற்றைம்பது ரேண்ட். ரொம்ப உறுதியாகப் பேசினார். முதல் ராத்திரியிலிருந்தே கதவைப் பூட்டிவிட வேண்டும், கிரேட் படுக்கையறையில் இருக்கக் கூடாது, மேலே கனமான போர்வை போட்டு இருட்டாக்க வேண்டும், எவ்வளவு கத்தினாலும் போய் எட்டிப் பார்க்கக் கூடாது. "ஒரு தடவை போனீங்கன்னா அவன் ஜெயிச்சுட்டான், அப்புறம் ஆயுசுக்கும் உங்களை ஆட்டிப் படைப்பான்" என்கிற அர்த்தத்தில் சொன்னார். காசு கொடுத்துக் கேட்ட அறிவுரை, விவரம் தெரிந்தவர் சொல்வது. சமையலறையில் கிரேட்டை வைத்துப் பூட்டிவிட்டு வந்து படுத்தேன்.

அந்த அழுகையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் சின்னச் சிணுங்கல். அப்புறம் குரைப்பு. அப்புறம் மேலே மேலே ஏறிக்கொண்டே போன ஒரு கூவல், நடுவில் மூச்சு வாங்க மட்டும் நிற்கும். கம்பியைக் கடிக்கிற சத்தம், தட்டு தடதடக்கிற சத்தம். தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு நானும் அழுதேன். ரெண்டாவது ராத்திரியும் அப்படியே. மூன்றாவது ராத்திரி லோட் ஷெடிங். அந்த வருஷம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது நினைவிருக்கும். விளக்கும் மின்விசிறியும் ஒன்றாக நின்றன. சாத்திய சமையலறை, காற்றில்லாத இருட்டு, கிரேட்டின் மேல் கனத்த போர்வை. கொஞ்ச நேரத்தில் மிளகுவின் சத்தம் மாறியது. குரைப்பு நின்று வெறும் இளைப்பு கேட்டது. பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போர்வையை விலக்கினால் உள்ளிருந்து வெப்பம் முகத்தில் அடித்தது. தட்டு முழுக்க மூத்திரம். அதில் நனையாத ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்திருந்தான். மோவாயிலிருந்து மார்பு வரை எச்சில் நுரைத்து, அந்த வெள்ளை முடி பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியே வைத்திருந்தான். கதவுக் கம்பியில் நகம் மாட்டி, அடியோடு பாதி பிய்ந்து தொங்கியது. கம்பியில் ரத்தம் காய்ந்திருந்தது. தூக்கியதும் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கினான். மாடியிலிருந்து ஆன்ட்டி நைட்டியோடு இறங்கி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கார் சாவியை எடுத்தார். ராத்திரி திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையில் நகத்தை எடுத்து, மருந்து போட்டு, கட்டுக் கட்டி, வலிக்கு மருந்தும் கொடுத்தார்கள். ராத்திரிக் கட்டணம் சேர்த்து ரெண்டாயிரத்து நானூறு ரேண்ட். மறுபடி காட்டப் போனதற்கு ஐந்நூறு.

அங்கிருந்த மருத்துவர் சொன்னதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. இது பிடிவாதம் இல்லை, பீதி என்றார். எட்டு வாரம் வரைக்கும் அம்மாவோடும் கூடப் பிறந்தவற்றோடும் ஒட்டிக்கொண்டே தூங்கிய உயிர். தனியாக விடப்பட்ட குட்டிக்கு அம்மாவைக் கூப்பிட அழுகையைத் தவிர வேறு வழி கிடையாது. கூப்பிட்டு யாரும் வரவில்லை என்றால் ஒரு கட்டத்தில் அழுகை நிற்கும். அது பழகிவிட்டதால் நிற்பது இல்லை, சோர்ந்து போய் நிற்பது. அதற்குள் கிரேட் என்றாலே பயம் என்பது மனதில் பதிந்துவிடும். அப்படிப் பதிந்ததை அழிக்கப் பிடிக்கிற காலம், முதலிலேயே ஒழுங்காகப் பழக்குவதைவிடப் பல மடங்கு. கொஞ்ச நாளைக்குக் கிரேட்டைக் கண்ணிலேயே காட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். போர்வை விஷயத்தில் அவருக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பெரும்பாலும் வாயால் இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றே ஈரமாக இருக்கும் டர்பன் கோடையில் அந்த இளைப்பும் சரியாக உதவாது. நாலு பக்கமும் மூடிய கிரேட்டுக்குள் சூடு ஏறினால் உயிருக்கே ஆபத்து. கிரேட்டை மூட வேண்டும் என்று தோன்றினால் மெல்லிய பருத்தித் துணியாக, பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் மட்டும் மூடுங்கள். மின்சாரம் போகக்கூடிய ஊரில் மின்விசிறியை மட்டும் நம்பிக் கதவைப் பூட்டிவிட்டு வெளியே போகவே போகாதீர்கள்.

அந்த வாரம் மனதளவில் மிக மோசமான வாரம். அம்மா போனில், "வாயில்லா ஜீவனைக் கூண்டுல போட்டு அடைச்சா அந்தப் பாவம் சும்மா விடுமாடீ" என்று ஒரு பாட்டம் அழுதாள். கணவர் ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து, "உன்னால முடியலைன்னா திருப்பிக் குடுத்துடலாம்மா, தப்பில்ல" என்றார். அலுவலகத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், குட்டியின் கட்டுப் போட்ட காலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பயிற்சியாளர் மேல் ஆத்திரம் பொங்கியது. அம்மா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்வீடனில் வீட்டுக்குள் நாயைக் கிரேட்டில் பூட்டி வைக்கச் சட்டமே இடம் தராது. அதனால் கிரேட் இல்லாமலே வளர்க்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அந்த மருத்துவமனையிலேயே பார்த்தேன், உள்ளே சேர்த்திருந்த நாய்கள் எல்லாம் கூண்டுகளில்தான் இருந்தன. காரில் போவதற்கும், அறுவை முடிந்து ஓய்வெடுப்பதற்கும், நாளைக்கே வேறு ஊருக்கு விமானத்தில் கொண்டுபோவதற்கும் கிரேட் வேண்டும். முன்பின் பழக்கமில்லாமல் நோயோடு முதல் தடவையாக அடைபட்டால் அது இன்னும் கொடுமை. கிரேட் இருக்கட்டும், கதவைச் சாத்துவது மட்டும் அவனுக்குச் சம்மதமான பிறகு என்று முடிவு செய்தேன்.

கம்பிக் கூண்டைத் தெரிந்தவர்களுக்கு எழுநூறு ரேண்டுக்குக் கொடுத்துவிட்டு, ஆயிரத்து நானூறு கொடுத்து ஒரு பிளாஸ்டிக் கிரேட் வாங்கினேன். பயந்துபோன குட்டிக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மேல் பாதியைத் திருகு கழற்றித் தனியாக எடுத்துவிடலாம். கீழ்ப் பாதி மட்டும் இருந்தால் அது வெறும் ஓரம் உயர்ந்த படுக்கை, கூண்டு என்ற நினைப்பே வராது. அதில் நான் கட்டிப் பழசான ஒரு பருத்திப் புடவையை மடித்துப் போட்டு, முன் அறையில் நான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். உள்ளே போ என்று சொல்லவில்லை, தூக்கி வைக்கவில்லை. வேகவைத்த கோழியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, அவன் பார்க்காத நேரத்தில் உள்ளே போட்டு வைப்பேன். அவனாகப் போய்க் கண்டுபிடிப்பான். அந்த இடத்துக்குப் போனால் நல்லது கிடைக்கிறது என்பதை அவனே கண்டுபிடிக்க வேண்டும், நாம் காட்டிக் கொடுத்தால் அவ்வளவு ஆழமாகப் பதியாது.

தீனி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் இது முக்கியம். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கறித்துண்டைப் போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். திராட்சையும் கிஸ்மிஸும் கூடாது, ஆகவே பாயச மிச்சமும் கூடாது. உள்ளே உணவு அடைத்துக் கொடுக்கும் ரப்பர் பொம்மையில் வேர்க்கடலை வெண்ணெய் தடவச் சொல்வார்கள். அந்தப் புட்டியில் சைலிடால் என்கிற இனிப்பூட்டி சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அது நாய்க்குக் கொடிய விஷம். நான் உப்பில்லாமல் வேகவைத்த பரங்கிக்காயையும் சோற்றையும் மசித்து அடைத்துக் கொடுத்தேன். நக்கி நக்கித் தின்ன வேண்டியிருப்பதால் குட்டி தானாகவே அமைதியாகிவிடும்.

குட்டி சரியாக இருக்கிறதா என்பதை அதன் பின்னங்காலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். மேல் பாதியைத் திரும்ப மாட்டியதும், மிளகு முன்னங்கால்களை உள்ளே வைத்து, கழுத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நீட்டி, கோழித் துண்டை நாக்கு நுனியால் இழுப்பான். பின்னங்கால் இரண்டும் வெளியே, விறைப்பாக, எப்போது வேண்டுமானாலும் பின்னால் பாயத் தயாராக இருக்கும். அந்த நிலையில் தீனியை இன்னும் உள்ளே தள்ளி வைத்து ஆசை காட்டக் கூடாது. வாசலிலேயே போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருநாள் தானாகவே நாலு காலும் உள்ளே போகும், உள்ளேயே திரும்பி நம்மைப் பார்த்து நிற்கும். அப்போது அடுத்த படிக்குப் போகலாம். தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, சாப்பாடில்லாமல் உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, காதை ஒட்ட மடக்குவது, இதெல்லாம் போதும் என்று அது சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். கதவை மாட்டிய முதல் சில நாள் அதை அசைத்துக் காட்டினேன், சாத்தவில்லை. கீல் கிரீச்சிட்டதும் வெளியே பாய்ந்தான், உடனே எண்ணெய் விட்டேன். பிறகு அவன் உள்ளே ரப்பர் பொம்மையை நக்கிக்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்தி, அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் திறந்துவிடுவேன். தின்று முடிப்பதற்கு முன்பே கதவு திறந்துவிட வேண்டும், இதுதான் சூட்சுமம். கதவு மூடியிருக்கிறது என்று அது பதறிய பிறகு திறந்தால் பதறினால்தான் திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். பதறுவதற்கு முன்பே திறந்துகொண்டே வந்தால் கதவு ஒரு பொருட்டே இல்லை என்று ஆகிவிடும். ஓரிரு விநாடியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல நீட்டினேன். நடுநடுவே ஒரு தடவை நீளமாக, மறு தடவை ரொம்பக் குட்டியாக என்று மாற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டே போனால் அது கண்டுபிடித்துவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நிற்கும்போது, சமையலறைக்குப் போகும்போது, கடைசியாகக் கதவைத் தாண்டி வெளியே போகும்போது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழக்க வேண்டியிருந்தது. கேட் ரிமோட்டின் 'டிக்' சத்தம் கேட்டாலே நான் போகிறேன் என்று தெரிந்து எழுந்துவிடுவான். எங்கேயும் போகாமலே சும்மா அதை அமுக்கி அமுக்கி அந்தச் சத்தத்தின் அர்த்தத்தையே கரைக்க வேண்டியிருந்தது.

நடுவில் எல்லாம் ஒருநாள் சரிந்தது, காரணம் குரங்கு. இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வெர்வெட் குரங்குகள் வாழைப்பழம் கண்ணில் பட்டால் போதும், ஜன்னல் கம்பியில் வந்து தொற்றிக்கொள்ளும். காற்றோட்டத்துக்காகக் கிரேட்டை ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தேன். கதவு சாத்தி மிளகு தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கூட்டம் வந்து கம்பியை உலுக்கியது. அவனால் ஓட முடியவில்லை. உள்ளேயே அசுத்தம் செய்துவிட்டான், அன்று பூராவும் கிரேட் பக்கம் வரவில்லை. இடத்தை உள்சுவர் ஓரமாக, எங்கள் நடமாட்டம் தெரிகிற ஆனால் ஜன்னல் தெரியாத மூலைக்கு மாற்றி, மறுபடி வாசலில் கோழித் துண்டிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை சீக்கிரம் தேறிவிட்டான். இப்படிப் பின்னால் போக வேண்டி வந்தால் மனம் உடைந்துவிட வேண்டாம், ரெண்டு படி கீழே இறங்கி ஏறுவதுதான் சீக்கிரமான வழி. வெயில் விழாத, வாசல் எதிர்க்காற்று நேரடியாக அடிக்காத, தொலைக்காட்சிக்குத் தள்ளிய இடமாகப் பாருங்கள்.

ராத்திரிக்கு வேறு ஏற்பாடு. மெத்தையைத் தரையில் போட்டு, கிரேட்டை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். முனகினால் கை நீட்டினால் போதும், விரலை முகர்ந்துவிட்டுப் படுத்துவிடுவான். இது செல்லம் கொடுப்பது ஆகாது. நாம் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரிந்து தூங்கிய குட்டிதான் பின்னால் தனியாகவும் தூங்கும். சில வாரம் கழித்துக் கிரேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அறையின் மூலைக்குக் கொண்டுபோனேன். நான் கட்டிலுக்குத் திரும்பினேன். ஒன்றுக்குப் போவதற்கான அழுகையைத் தனியாக அடையாளம் காணப் பழகுங்கள். தூங்கி எழுந்து, இடம் மாறிப் படுக்கும்போது வரும் சின்ன முனகல் ஒரு நிமிஷத்தில் அடங்கும். அவசரம் என்றால் எழுந்து நின்று, சுற்றி, விடாமல் கூப்பிடும். அப்போது பேச்சில்லாமல், விளக்கை எல்லாம் போடாமல், லீஷ் என்கிற பிடிவாரை மாட்டி எப்போதும் போகிற அதே புல்லுக்குக் கூட்டிப்போய், முடித்ததும் மெதுவாக ஒரு வார்த்தை பாராட்டி, திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். விளையாட்டு காட்டினால் ராத்திரி எழுப்புவதே வாடிக்கையாகிவிடும். கூவல் ஏறிக்கொண்டே போனால், எச்சில் வழிந்தால், கம்பியைக் கடித்தால் அது பீதி. உடனே திறங்கள். யோசிக்கவே வேண்டாம்.

பகலில் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்பதற்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு. குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது, அது அடக்கக்கூடிய அதிகபட்ச மணிநேரம். ரெண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணிநேரம், அதுவும் கட்டக்கடைசி. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் எப்படியும் வெளியே கூட்டிப்போக வேண்டும். என் அரைநாள் வேலைக்கே அது தாங்காது. குட்டி வாங்குவதற்கு முன்பே நீங்கள் யோசிக்க வேண்டிய செலவு இது. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனுக்குக் காசு கொடுத்து, காலையில் நடுவில் வந்து வெளியே விட்டு, கொஞ்ச நேரம் கூட இருக்கச் சொன்னேன். அதுவும் கிரேட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போகவில்லை. மடக்குத் தடுப்பு வேலிக்குள் கிரேட்டைத் திறந்தபடி வைத்து, எதிர்மூலையில் செய்தித்தாளும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவேன். அந்தப் பையனுக்கு மொத்தத்தில் ரெண்டாயிரம் ரேண்ட் வரை ஆகியிருக்கும். அத்தனை செலவிலும் உருப்படியானது அதுதான்.

சில சின்ன விஷயங்கள். கிரேட்டுக்குள் விடும்போது கழுத்துப்பட்டையையும் அதில் தொங்கும் வில்லையையும் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். உள்ளே அசுத்தம் செய்தால் திட்டாதீர்கள், தண்டனையாக ஒருநாளும் உள்ளே தள்ளிப் பூட்டாதீர்கள். மூத்திர வாடைக்கு என்சைம் கலந்த திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், அதுதான் வேலை செய்யும். அம்மோனியா கலந்த தரை மருந்து மூத்திரம் போலவே நாற்றமடித்து அதே இடத்துக்கு இழுக்கும். மூத்திரம் ஈரமாக இருக்கும்போதே மேலே ஜிக் என்கிற ப்ளீச்சை ஊற்றினால் நெடி கிளம்பி நமக்கே மூச்சு முட்டும். தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போது குட்டியைத் தரையில் விடாமல் கிரேட்டிலேயே கொண்டுபோங்கள், ஏனென்றால் குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ நோய்க் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் கிடக்கும். ஊசி வரிசை பதினாறு வாரம் வரை நீளும். ரேபீஸ் ஊசி மூன்று மாதத்தில், இந்த நாட்டில் அது சட்டப்படி கட்டாயம்.

வருஷக் கடைசியில்தான் கிரேட் உண்மையாக உதவியது. நவம்பர் 5 வெடி வெடித்துக் கொண்டாடும் கை ஃபாக்ஸ் நாள், அதை ஒட்டியே தீபாவளி. சாட்ஸ்வொர்த்தில் அந்த நாட்களில் வெடிச் சத்தம் நள்ளிரவு வரை ஓயாது, மிரண்டு மதில் தாண்டி ஓடித் தொலைந்துபோகிற நாய்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. ஜன்னலெல்லாம் சாத்தி, பேன் சத்தத்தைக் கூட்டி வைத்து, கிரேட்டின் கதவைக் கழற்றியே வைத்திருந்தேன். மிளகு தானாகப் போய்ச் சுருண்டுகொண்டான், இடையிடையே வந்து என் மடியில் தலை வைத்துவிட்டுத் திரும்பப் போனான். பயந்திருக்கும் நாயைப் பூட்டக் கூடாது, வெளியே வர வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் உள்ளே நிம்மதியாக இருக்கும். எல்லா நாயும் இப்படித் தேறும் என்று சொல்ல மாட்டேன். தனியாக விட்டாலே பல் உடைகிற அளவுக்குக் கதவைக் கடிக்கும் நாய்க்குப் பிரிவுப் பதற்றம் என்ற தனிப் பிரச்சினை இருக்கலாம். அதற்குக் கிரேட் மருந்தாகாது, இன்னும் மோசமாக்கும். மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பயிற்சியாளர் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் அந்தப் பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. பணம் கட்டும் முன், குட்டி ஒன்றைச் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள், பயந்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைத்தான் எல்லா நாய்க்கும் பரிந்துரைக்கிறது. அதிகாரம், ஜெயிப்பது, தோற்பது என்று பேச்சு போனால் வேறு ஆள் பாருங்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கணவர் வராவிட்டால் நானும் மிளகுவும் என்2 நெடுஞ்சாலையில் ரிச்சர்ட்ஸ் பே போய்விடுகிறோம். காருக்கும் இதே மாதிரிதான் பழக்கினேன். முதலில் நிறுத்திய காரில் திறந்த கிரேட், பிறகு என்ஜினை மட்டும் ஓட்டி, பிறகு தெருமுனை வரை. சில குட்டிகளுக்குக் காரில் குமட்டும், அதனால் கிளம்புவதற்கு முந்தைய வேளைச் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள். கிரேட்டைப் பின்சீட்டில் பெல்ட்டால் ஆடாமல் கட்டி, ஏசி காற்று அதுவரை போகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். பல்லிட்டோ தாண்டி ஒரு தடவை நிறுத்துவேன். நிறுத்தியதும் கார்க் கதவைத் திறப்பதற்கு முன்பே, கிரேட் கதவை ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து கழுத்துப்பட்டையையும் லீஷையும் மாட்டிவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் கார்க் கதவு திறந்திருக்க, லீஷ் இல்லாத நாய் ஒரே பாய்ச்சலில் சாலைக்குப் போய்விடும்.